அசையாமல் படுத்திருந்தவர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, பேராசிரியர்களே, முன்வரிசையில் இருக்கும் டாக்டரம்மாவின் கணவரே, மகளே, வேலைநாளில் விடுப்புப் போட்டு வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. நம் ஆய்வு நிலையத்தின் அடித்தளத்தில் பதினாறு ஆண்டுகளாக ஸ்கேன் இயந்திரத்தை இயக்குகிறவன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மைக்கில் "மூச்ச மெதுவா விடுங்க" என்பதோடு என் பேச்சு சரி. ஆனால் நரம்பியல் பேராசிரியர், நம் டாக்டரம்மா, பத்து நாள்களுக்கு முன் மாரடைப்பில் நம்மை விட்டுப் போய்விட்டார். இனியும் நான் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

அவர் கேட்ட கேள்வி என்ன? சிறு வயதில் சொந்த வீட்டிலேயே அடியும் வசவும் பட்டினியுமாக வளர்ந்தவர்களில் சிலர் நொறுங்கிப் போகிறார்கள், சிலர் எழுந்து நிற்கிறார்கள். எழுந்தவர்களின் மூளையில் என்ன நடக்கிறது? இதற்காக அறுபத்து மூன்று பேரைத் தேடிப் பிடித்தார். ஐந்தாண்டுக்கு ஒரு முறை வீதம் மூன்று முறை படம் எடுப்பது திட்டம். இரண்டு சுற்று முடிந்துவிட்டது.

அடித்தளத்தில் அவருக்கு 'மறுபடியும் டாக்டர்' என்று பெயர். எந்தப் படத்தை நீட்டினாலும் "மறுபடியும் எடுங்க" என்பார். பெயர் அவர் காதுக்கும் போயிற்று. "நல்லாத்தானே இருக்கு" என்று சிரித்தார்.

முதல் சுற்றில் நான் செய்த தவறை இன்று சொல்லியாக வேண்டும். ஸ்கேன்காரனுக்குப் பிடித்த ஆள் யார்? அசையாத ஆள். தலை ஒரு நூல் நகர்ந்தாலும் படம் கலங்கிவிடும். முதலில் வந்த பதினொரு பேரும் அப்படிப் படுத்திருந்தார்கள். அதிலும் ஒரு தையல்கார அம்மா நாற்பது நிமிடம் விரலைக்கூட அசைக்கவில்லை. "சூப்பர்ம்மா, உங்கள மாதிரி யாரும் படுத்ததில்ல" என்று மைக்கில் பாராட்டினேன். வெளியே வந்தபோது அவர் உடை வியர்வையில் நனைந்திருந்தது.

டாக்டரம்மா என் படங்களைப் பார்க்கவில்லை. விரலில் மாட்டியிருந்த கருவியின் நாடிப் பதிவைப் பார்த்தார். உயிருக்குப் பயந்து ஓடுகிறவரின் நாடி அது. அந்த அம்மாவின் அருகே உட்கார்ந்தார். "கையில ரப்பர் பந்து கொடுத்தோமேம்மா. அமுக்கியிருந்தா உடனே நிறுத்தியிருப்போமே."

"அசையாதீங்கன்னு சொன்னாங்களே டாக்டரம்மா. சின்ன வயசுல அசையாம கிடந்தா அடி கொஞ்சம் குறையும். அந்தப் பழக்கம்தான்."

நான் நல்ல படம் என்று நினைத்தவை பயத்தின் படங்கள். பதினொன்றையும் ஒதுக்கினார். ஒரு மாத உழைப்பு. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நாமளே அவங்கள அந்த வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிட்டோம்" என்று மட்டும் சொன்னார்.

அன்று ஒரு விதி வந்தது. படம் எடுக்கும் முன், வருகிறவர் இரண்டு முறை பந்தை அமுக்க வேண்டும். இரண்டு முறையும் நான் இயந்திரத்தை நிறுத்தி, படுக்கையை வெளியே இழுக்க வேண்டும். தான் சொன்னால் நிற்கும் என்று அந்த உடம்புக்குத் தெரிந்த பிறகுதான் படம். அந்தப் பதினொரு பேரையும் திரும்ப அழைத்து இப்படியே எடுத்தோம். ஒரு ஆளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். "ஸ்கேன் எடுக்கறீங்களா, ஊஞ்சல் ஆட்டறீங்களா?" என்று மற்றத் துறைக்காரர்கள் கேலி செய்தார்கள். அவர் அசைந்து கொடுத்தாரா? இல்லை.

அப்படி எடுத்த படங்களில் என்ன கண்டோம்? எழுந்து நின்றவர்களுக்குக் காயத்தின் தடம் இல்லாமல் இல்லை. ஆபத்து, ஆபத்து என்று அலறும் பகுதி அவர்களுக்கும் அலறியது. ஆனால் அதைச் சமாதானப்படுத்தும் நெற்றிப் பகுதியோடு அவர்களில் பலருக்கு இணைப்பு வலுவாக இருந்தது. "தேறிட்டாங்கன்னு கை கழுவிடாதீங்க. அவங்க மூளை தினமும் ஓவர்டைம் பாக்குது" என்பார் டாக்டரம்மா. அந்த ஓவர்டைம் வயதாக ஆக எளிதாகிறதா, அல்லது ஒரு நாள் களைத்துப் போகிறதா? அதை மூன்றாவது சுற்றுதான் சொல்லும்.

நேற்று முன்தினம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மூன்றாவது சுற்று காலவரையின்றி ஒத்திவைப்பு. இயக்குநர் ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். காலவரையின்றி என்றால் என்ன அர்த்தம் என்று இங்கே யாருக்குத் தெரியாது? டாக்டரம்மாவோடு இந்த ஆய்வில் வேலை பார்த்த இணை ஆராய்ச்சியாளர், இனித் தானே பொறுப்பேற்பதாக எழுதிக் கொடுத்துவிட்டார். நான் அறுபத்து மூன்று பேரையும் தொலைபேசியில் அழைத்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் செய்தது தவறுதான். ஐம்பத்தெட்டுப் பேர் வருகிறோம் என்றார்கள்.

மூன்றாவது வரிசையில் அந்தத் தையல்கார அம்மா இருக்கிறார். "டாக்டரம்மா இல்லாம நடக்குமாங்க?" என்று கேட்டார். "நடக்கும்மா, நான் சொல்றேன்ல" என்றேன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவருக்கு நேரம் கொடுத்திருக்கிறேன். சிறு வயதில் பெரியவர்கள் கொடுத்த ஒரு வாக்கும் அவருக்கு நிறைவேறியதில்லை.

டாக்டரம்மாவுக்கு நான் செலுத்தும் அஞ்சலி இவ்வளவுதான். ஸ்கேன் அறைச் சாவி உங்களிடம் இருக்கிறது ஐயா. எட்டரை மணிக்கு நான் கதவருகே நிற்பேன்.