கார்டில் எழுதாத மாத்திரை

பல் பிடுங்கினால் இரத்தம் வரத்தான் செய்யும், ஐயா. அதற்குப் பயப்படத் தேவையில்லை. துணியை மடித்துக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்தால் பெரும்பாலும் தானாக நின்றுவிடும். இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தேயிலைத் தோட்டத்தில் டிஸ்பென்சரியைப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்ஸராக இருக்கிறேன். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் எங்கள் ஜனங்களுக்குக் கஷ்டம்; மற்றபடி பல் பிடுங்கி ஒருவரும் செத்ததில்லை. போன மாதம் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சாம்பசிவம் செத்ததுதான் முதல்.

விசாரணை பல் டாக்டர் நளினி மேல் திரும்பியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை எழுதித் தருகிறேன். அந்தப் பெண்மேல் ஒரு தப்பும் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டவுனிலிருந்து வேனில் வருவார். ஒரே காலையில் முப்பது பேரைப் பார்க்க வேண்டும். யாருக்கு என்ன நோய், என்ன மருந்து என்பதை என் கார்டைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொள்வார். என் கார்டுகள் சுத்தமானவை. பெரிய ஆஸ்பத்திரிகளில்கூட அப்படி எழுதமாட்டார்கள்.

சாம்பசிவத்தின் கார்டில் ஒரு வரி இல்லை. அது அவரே கேட்டுக்கொண்டது.

எழுபத்தொன்பதில், கடல் தாண்டிப் பழனிக்குப் போக வேண்டுதல் என்று சொல்லி இரண்டு மாதம் லீவு எடுத்தார். உண்மையில் போனது வேலூர் ஆஸ்பத்திரிக்கு. இதயத்தில் கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்றை வைத்து அனுப்பினார்கள். அதில் இரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க, இரத்தத்தை இளக்கும் மாத்திரையை ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டும். திரும்பி வந்ததும் என் டிஸ்பென்சரிக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"கார்டுல எழுதிடாதீங்க டிரஸ்ஸர். மாசா மாசம் தொர கார்டெல்லாம் வாங்கிப் பாக்குறாரு. நெஞ்சுல கோளாறுன்னு தெரிஞ்சா வேலைய விட்டு அனுப்பிடுவாருலா. வீடும் போயிடும்."

தோட்டத்தில் இது புதிதில்லை. வேலை போனால் வீடும் போகும் என்பதால் பாதிப் பேருடைய நோய் கார்டில் இருக்காது. என் தலைக்குள்தான் இருக்கும். பல் வேன் வருகிற நாளில் அப்படிப்பட்டவர்களைப் பற்றி டாக்டரிடம் தனியாக, காதோடு சொல்லிவிடுவேன். எந்த டாக்டர் வந்தாலும் அதுதான் இங்கே வழக்கம். சாம்பசிவத்துக்கும் அது தெரியும். அதை நம்பித்தான் அன்றைக்குப் பல்லைக் காட்ட வந்தார்.

அவர் என்னை நம்பியது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. எழுபத்துநாலில் என் தங்கை பாஞ்சாலை லயத்து வீட்டில் பிள்ளை பெற்றாள். பிள்ளை பிழைத்தது. அவளுக்கு இரத்தம் நிற்கவில்லை. டவுனுக்குக் கொண்டுபோக லோரி கேட்டு ஆபீசுக்குச் சீட்டு அனுப்பினேன். கிராணி சாம்பசிவம் அதைப் படித்துவிட்டு, "கொழுந்த ஃபேக்டரில எறக்கிட்டு வரட்டும், இருவது நிமிசம்தானே," என்று சொல்லி அனுப்பினார். இருபது நிமிஷம் கழித்து லோரி வந்தது. டவுன் போகும் வழியில் கோலா தெர்லா தாண்டும்போது என் மடியில் அவள் கை சில்லிட்டுவிட்டது. சவப்பெட்டிக்குப் பலகை கொடுத்தது சாம்பசிவம்தான். எல்லோரும் அவரைப் பெரிய மனசுக்காரர் என்றார்கள். எனக்கு அவர் மேல் வெறுப்பு வந்தது. ஏழு வருஷத்தில் அது ஒரு பொட்டும் குறையவில்லை. பார்த்தால் கைகூப்புவேன்.

அன்றைக்கு அவருக்குக் கீழ்த்தாடையில் நாலு பல் ஆடிக்கொண்டிருந்தன. அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பல் பிடுங்குமுன் இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் வைத்து, ஒரு தடவைக்கு ஒரு பல்லாகப் பிடுங்கி, தையல் போட வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். டாக்டர் நளினிக்கும் நன்றாகத் தெரியும். அதனால்தான் கார்டைப் பார்த்த பிறகும் கேட்டார்.

"ஐயா, இரத்தத்த இளக்குற மாத்திரை ஏதாச்சும் சாப்புடுறீங்களா?"

வெளியே பெஞ்சியில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். துரையின் டிரைவரும் அதில் ஒருவர். சாம்பசிவம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேனா என்று கேட்கிற பார்வை. சொல்லியிருக்கவில்லை; ஆனாலும் ஆமாம் என்று தலையசைத்தேன். அவர் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு டாக்டரிடம், "இல்ல டாக்டர், எல்லாம் கார்டுல இருக்கு," என்றேன். சாம்பசிவத்தின் காதில் அது விழுந்ததா என்று தெரியாது. விழுந்திருந்தாலும் தன் ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்திருப்பார். காப்பாற்றத்தான் செய்தேன்.

டாக்டர் நாலு பல்லையும் பிடுங்கினார். எங்கள் வழக்கப்படி தேயிலைத் தூளைத் துணியில் முடிந்து, வெந்நீரில் நனைத்து ஆறவைத்துக் கடிக்கக் கொடுப்பேன். அதன் துவர்ப்பு இரத்தத்தைக் கட்டும். சாம்பசிவத்துக்கு வெறும் துணியைக் கொடுத்து, தூள் தீர்ந்துவிட்டது என்றேன். தேயிலைத் தோட்டத்தில் தேயிலை தீர்ந்துவிட்டது என்பதை அவரும் நம்பினார். வலிக்கு ஆஸ்பிரின் கொடுத்தேன். எல்லோருக்கும் கொடுப்பதுதான்; ஆனால் அதுவும் இரத்தத்தை இளக்கும், அவருக்குக் கொடுக்கக் கூடாது. மத்தியானத்துக்குள் வேன் போய்விட்டது.

சாயங்காலம் அவர் மனைவி செல்லம்மா வந்தார். "டிரஸ்ஸர் ஐயா, துணி மாத்தி மாத்தி வெக்கிறேன், நிக்க மாட்டேங்குது. லோரிய கூப்பிடவா?"

"பொறுங்கக்கா, நின்னுடும்," என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இருந்தது. என் பேச்சுக்கு இந்தத் தோட்டத்தில் அவ்வளவு மதிப்பு.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன். நாக்குக்கு அடியில் இரத்தம் கட்டி, கழுத்துவரை வீங்கியிருந்தது. மூச்சு விசில் மாதிரி வந்தது. கட்டிலருகே ஒரு வாளி. பேச முடியாததால் ஆபீஸ் தாளும் பென்சிலும் கையில் வைத்திருந்தார். செல்லம்மா வெந்நீர் வைக்கப் போன நேரத்தில் அதில் எழுதி என்னிடம் நீட்டினார். இரண்டு வரி. படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நானும் பார்த்தேன். பிறகு எழுந்துபோய் லோரிக்குச் சீட்டு எழுதினேன். டவுன் பாதையில் திரிங்காப் வளைவில், காய்கறி லோரிகளுக்குப் பின்னால் நின்றிருந்தபோது, அவர் மூச்சு நின்றது. எனக்குத் திருப்தியாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

ஆகவே, சாம்பசிவத்தைக் கொன்றது நான்தான். தெரிந்தே செய்தேன். டாக்டர் நளினியை விட்டுவிடுங்கள்.

அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் வரி: "பாஞ்சாலைக்காகவா?" ஆமாம், அவளுக்காகத்தான்.

இரண்டாவது வரி: "சீட்ட எத்தன மணிக்கு அனுப்புனீங்க டிரஸ்ஸர்?"

சாகிற நேரத்தில் ஆளுக்குப் புத்தி தடுமாறும். இருந்தாலும் நீங்கள் கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். பாஞ்சாலைக்கு லோரி கேட்ட அந்தச் சீட்டைச் சாயங்காலம் நாலு மணிக்கு அனுப்பினேன். நேரத்தை என் கையாலேயே சீட்டில் எழுதியிருந்தேன். பாஞ்சாலைக்கு இரத்தம் போக ஆரம்பித்தது மத்தியானம் பன்னிரண்டுக்கு. ஒரு மணிக்கே அவள் புருஷன் நல்லுசாமி, "லோரிய கூப்பிடலாமா மச்சான்?" என்று கேட்டான். "பொறுங்க மாப்பிள, நின்னுடும்," என்றேன். மூன்று மணிக்கும் கேட்டான். அப்போதும் அதைத்தான் சொன்னேன். பெரும்பாலும் நின்றுவிடும், ஐயா. அந்த நாலு மணி நேரமும் நான் அவளை விட்டு நகரவில்லை. ஒரு டிரஸ்ஸர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். தாமதம் என்றால் அது அந்த இருபது நிமிஷம்தான்.