இரண்டடிக்கு ஒரு கல்

மனித குலத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: கல் தானாக நகராது. நகர்ந்தால், பதித்தவன்தான் குற்றவாளி.

இதை அறிவித்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. அவருடைய அட்டையில் ‘நிலவெளிச் சிந்தனையாளர்’ என்று போட்டிருக்கும். மற்றவர்கள் தோட்டம் போடுவார்கள். இவர் தோட்டத்தைச் சிந்திப்பார். மண்ணைத் தொட மாட்டார்.

அறிவிப்பைக் கேட்டுக்கொண்டவர், இதோ நம்மோடு உட்கார்ந்திருக்கிற தையற்காரரின் மச்சான். கல் பதிக்கிற வேலை. சாப்பாட்டு மேசை மட்டமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். அதனால் மட்டம் பார்க்கிற கருவியின் பெயரே அவருக்கும்: ரசமட்டம். கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள்... விளக்கு எண்ணெய் குறைகிறது.

ராத்திரி மணி இரண்டே கால். ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்புக்குப் போகிற சாலை. இரண்டு பக்கமும் காலி மனைகள். கம்பம் உண்டு, விளக்கு இல்லை. மொபெட்டின் பின்னால் கட்டிய கடப்பாரை பள்ளத்துக்குப் பள்ளம் ‘ணங்... ணங்’ என்றது.

அரை மணி முன்னால்தான் சிந்தனையாளர் போன் செய்திருந்தார்.

“கல்லு மறுபடி நகர்ந்திருக்குன்னு வீட்டுக்காரர் கூப்பிட்டார்யா.”

“நேத்துதானே சார் சரி பண்ணேன்? ஒவ்வொண்ணும் ரெண்டு ஆள் தூக்கற கல்லு.”

“காலைல எட்டு மணிக்குத் தோட்டப் போட்டி நடுவர்கள் வர்றாங்க. அதுக்குள்ள சரியாகல... இனிமே எந்த வீட்டுத் தோட்டத்துலயும் நீ காலை வைக்க முடியாது. நான் பார்த்துக்கறேன்.”

செய்யக்கூடியவர்தான். இருபது வருஷத் தொழில் ஒரே போனில் போய்விடும்.

மொத்தம் பதினொரு கல். புதுசு இல்லை. இடித்த பழைய வீடு ஒன்றில், கொல்லைக் கதவிலிருந்து கிணற்றுக்குப் போன பாதையைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் வழுவழுவென்று ஒரு குழி.

“காலத்தின் கையெழுத்து!” என்றார் சிந்தனையாளர்.

“கையெழுத்து இல்ல சார். யாரோ நடந்து தேய்ஞ்சது” என்றார் ரசமட்டம்.

கல்பாதை போட ஒரு முறை இருக்கிறது. ஈர மணலைப் பரப்பி, அந்த வீட்டில் வாழப் போகிறவரை ஒரு தரம் இயல்பாக நடக்கச் சொல்வார்கள். பாதம் பதிந்த இடத்தில்தான் கல். இங்கேயும் அப்படிச் செய்யலாமா என்று ரசமட்டம் கேட்டுப் பார்த்தார்.

“அவர் நடையை நான் ஏற்கனவே சிந்திச்சாச்சு” என்றார் சிந்தனையாளர். “ரெண்டடி. சமமா.”

ஆக, யாரும் நடக்கவில்லை. கேட்டிலிருந்து வீட்டுக்காரர் படுக்கையறையின் கண்ணாடிக் கதவு வரை, இரண்டடிக்கு ஒரு கல்.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததும் ரசமட்டம் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு டேப்பைப் பிடித்தார். இரண்டரை அடி. அடுத்தது ஒன்றரை. மறுபடி இரண்டரை. மறுபடி ஒன்றரை... ஒரு காலை வைத்து, இன்னொன்றை இழுத்துக்கொண்டு வருகிற நடை. மண்ணில் கல் இழுபட்ட தடம் இல்லை. ஒரு புல் மடங்கவில்லை. நேற்று இந்த நகர்வு கேட்டிலிருந்து ஆறாவது கல்லோடு நின்றிருந்தது. இன்று ஒன்பது.

நெம்பினார். தள்ளினார். சரி செய்து முடிக்க மூன்றரை ஆயிற்று. விடியும்வரை காவல் இருப்போம் என்று கடைசிக் கல்லிலேயே உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால், கண்ணாடிக்கு உள்ளே, வீட்டுக்காரரின் குறட்டை. பெரிய மனிதர் குறட்டை. இடைவெளிகூட மரியாதையாக விட்டு வரும்.

குறட்டை நின்றது. பூச்சிச் சத்தமும்.

முதலில் வாடை வந்தது. பாசி... நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் வருமே, அது.

தொப்... ஸ்ஸ்ர்ர்.

டார்ச்சைத் திருப்பினார். கேட்டருகே முதல் கல்லின் குழியில் தண்ணீர். தோட்டத்துக்கு இன்னும் குழாயே இழுக்கவில்லை.

தொப்... ஸ்ஸ்ர்ர். இரண்டாவது கல்லில் தண்ணீர். நடுவில் புல் காய்ந்தே கிடந்தது.

“யாரு?”

தொப்... ஸ்ஸ்ர்ர். ஐந்து... ஆறு... அவசரமே இல்லை. ஒன்பது.

அவர் உட்கார்ந்திருந்தது பதினொன்றில்.

“நான்... அளவெடுக்க வந்தவன்ங்க” என்றார். “நடுவுல இருக்க மாட்டேன்.”

எழுந்து, கல்லை மிதிக்காமல், பக்கவாட்டில் ஒதுங்கி வழி விட்டார். கடப்பாரை கிடந்த இடத்திலேயே கிடந்தது. மொபெட் நான்காவது உதையில்தான் கிளம்பியது. அதற்குள், பின்னால், கல்லோடு கல் உரசி ஒரு முறை... ‘க்ரக்’.

எட்டரைக்கு போன் அடித்தது. தொழில் முடிந்தது என்றுதான் எடுத்தார்.

“அப்படியே இருக்கட்டும்” என்றார் சிந்தனையாளர். குரலில் தேன். “ஒண்ணையும் தொட்டுடாத. இப்படித்தான் வரணும்னு நான் முதல்லயே சிந்திச்சது.”

அந்த வாரமே வீட்டுக்காரர் படுக்கையை மாடிக்கு மாற்றிக்கொண்டார். காரணம் சொல்லவில்லை. ரசமட்டம் இப்போது எந்த வீட்டிலும், அங்கே வாழ்கிறவர் நடந்து காட்டாமல் ஒரு கல்கூடப் பதிப்பதில்லை.

தோட்டத்துக்கு முதல் பரிசு. நடுவர் குறிப்பைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்: ‘கடைசி இரண்டு கற்களையும் ஜோடியாக வைத்திருப்பது, கதவருகே நின்று உள்ளே பார்க்க மிகவும் வசதி.’

பக்கத்து வீட்டுக்காரரும் அதே மாதிரி கேட்டிருக்கிறார்.