சிவப்புத் திருகு

இந்த ஸ்டேஷன் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. ஒரு அட்டையை மடித்து அடியில் கொடுத்தால் ஆடாது. போவதற்குள் நானே செய்து தருகிறேன்.

"திருகை இறுக்க மறந்துட்டீங்க, வயசாகுது, அவ்வளவுதானே? அலட்சியம்னு எழுதிக்கிறேன்" என்றீர்கள். என் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னீர்கள், தெரிகிறது. ஆனால் சைக்கிள் கடையிலேயே தலை நரைத்தவன் நான். மறந்துவிட்டான் என்று எழுதினால் என் கைக்கல்லவா கெட்ட பெயர்?

விஷயம் சின்னதுதான். மலைச் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. பள்ளத்தில் இறங்கினால் அமுங்கும், பிறகு எழும்பும். எவ்வளவு வேகமாக எழும்ப வேண்டும் என்பதை அடியில் இருக்கும் சிவப்புத் திருகு பார்த்துக்கொள்ளும். ஸ்பிரிங் எவ்வளவு விறைப்போ அவ்வளவு வேகமாகத் திரும்பி எழும். அதனால் விறைப்பான ஸ்பிரிங் போட்டால் திருகையும் இறுக்கி நிதானப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் முரட்டு மாடு மாதிரி ஆளைத் தூக்கிப் போட்டுவிடும்.

என் மகளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவேன். மலைச்சரிவுப் பந்தயத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வெளியூர் அணி ஒன்று அவளைக் கேட்டது. அவர்களிடம் தனி மெக்கானிக் இருக்கிறானாம். இந்தப் பந்தயம் முடிந்ததும் கிளம்புகிறேன் என்றாள். அவள் அம்மா போனதிலிருந்து எனக்குப் பேச்சுத்துணை அவள் ஒருத்திதான். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "வாராவாரம் ஃபோன் பண்றேன்ப்பா" என்று சிரித்தாள். ஆளில்லாத வீட்டை நினைத்து நினைத்து ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தேன். பைத்தியம் பிடிக்காததுதான் பாக்கி.

விறைப்பான ஸ்பிரிங் அவளே கேட்டதுதான். பெரிய குதிப்புகளில் பழையது அடிவரை போய் இடிக்கிறது என்றாள். மாற்றிக் கொடுத்தேன். திருகை இறுக்கவில்லை. பழைய இடத்திலாவது விட்டேனா என்றால் அதுவும் இல்லை. இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன். கடை வாசலில் ஹேண்டில்பாரை அமுக்கிப் பார்த்தாள்.

"என்னப்பா இப்படித் துள்ளுது?"

"புது ஸ்பிரிங் அப்படித்தான்மா. ஓட ஓட அடங்கிடும்."

"நீ சொன்னா சரி" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

கை எலும்பு முறிந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடப்பாள், அணி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். பந்தயத்தன்று பாறைகளுக்குக் கீழே வேலியோரம் நின்றிருந்தேன். முன் சக்கரம் எகிறியதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கொஞ்சம் அதிகமாகத் தளர்த்திவிட்டேன் என்று. மல்லாக்க விழுந்தாள். முதுகெலும்பு என்றார் டாக்டர். இனி நடக்க முடியாதாம்.

அணிக்காரர்கள் அப்புறம் கூப்பிடவே இல்லை. காலையில் நான்தான் அவளைத் தூக்கி உட்காரவைக்கிறேன். தலைவாரி விடுகிறேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ இல்லன்னா நான் என்னப்பா பண்ணுவேன்?" என்கிறாள். கேட்கும்போது மனசு நிறைந்துவிடுகிறது.

மறக்கவில்லை ஐயா, தெரிந்தேதான் செய்தேன். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சாயங்காலத்துக்குள் மட்டும் என்னை விட்டுவிடுங்கள். சக்கர நாற்காலி வாசலில் ஏறி இறங்கும்போது அவளுக்கு முதுகு வலிக்கிறது. அதற்கு ஒரு ஸ்பிரிங் வைத்துக் கொடுக்க வேண்டும். தன் வண்டியை என்னைத் தவிர வேறு யாரையும் அவள் தொடவிட்டதில்லை.