மஞ்சள் தடவிய எக்ஸ்ரே

"எம் மகன் நெஞ்சைக் கொஞ்சம் புடிச்சுக்கங்க ஆத்தா, டிக்கெட் எடுத்துக்கிறேன்" என்றார், இலுப்பூர் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்த ஒருவர். எக்ஸ்ரே மெஷின் எங்கள் பக்கத்துக்கு வந்து அதிக நாளாகவில்லை. எனக்கு முன்சீட்டில் இருந்த அம்மாள் அவர் நீட்டிய உறையைப் பிரித்து, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

"மூஞ்சியக் காணமே ஐயா?"

"மூஞ்சியத்தான் பொண்ணு வீட்ல பாத்துட்டாங்களே. பையன் இருமுறான், டீபின்னு எவனோ சொல்லிப்புட்டான். பூ வைக்கிறதையே நிறுத்திட்டாங்க. டாக்டரு ஒண்ணுமில்லைன்னுட்டாரு. அதான் அவங்ககிட்டயே படத்த எடுத்துட்டுப் போறேன்."

"மஞ்சள் எதுக்கு?"

"நல்ல காரியத்துக்கு வெறுமனே கொண்டுபோகலாமா?"

அம்மாள் விலா எலும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

"வயக்காடு எம்புட்டு இருக்கு?"

"கெணத்தோட நாலு ஏக்கர்."

படத்தை மடியிலேயே வைத்திருந்தாள். அன்னவாசலில் இறங்கும்போதுதான் திருப்பிக் கொடுத்தாள்.

"அங்கிட்டு சரிப்பட்டு வரலைன்னா, இங்க எறங்கி வாங்க அண்ணே. எங்க வீட்லயும் ஒரு பொண்ணு இருக்கு. நாங்க படம் பாத்தாச்சு."