சுவருக்குள் சொட்டு

விளக்குப் போடும் நேரம். ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் இன்னும் தொடங்காத வெற்றுச் சாலை. நல்ல மழை. சாலையோரமாக ஒரு கார், கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, வைப்பரை மட்டும் ஆட்டியபடி நிற்கிறது. சரக்... சரக்... உள்ளே ஒரே ஓர் ஆள். என் சிநேகிதனின் மச்சான், அதாவது அவன் மனைவியின் தம்பி. தொழில், ஆர்க்கிடெக்ட்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவோரம் இருப்பவர் கதவைச் சாத்திவிடலாம். திறந்துதான் வைப்பேன் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. அது உங்கள் பாடு.

ஆர்க்கிடெக்ட் என்றால் படம் வரைந்து கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. வரைந்தபடி கட்டுகிறார்களா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அதிலும் மறையப் போகிற வேலை என்று ஒன்று உண்டு. தரைக்கு அடியில் போகிற கம்பி, சுவருக்குள் போகிற குழாய். மூடிவிட்டால் அப்புறம் பார்க்க முடியாதே? அதனால் மூடுவதற்கு முன்னால் அவர் வந்து, கண்ணால் பார்த்து, “பார்த்தாச்சு, மூடு” என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் மூடுவார்கள்.

நம் ஆள் இந்த விஷயத்தில் மிகவும் தாராளமானவர். பார்க்காமலே பார்த்தாச்சு என்று சொல்லிவிடுவார். மற்ற ஆர்க்கிடெக்டுகளுக்குக் கண் இரண்டு, இவருக்குக் கண் போனில் என்று வேலையாட்கள் பேசிக்கொள்வார்கள்.

அந்தக் காரில் இருந்து பார்த்தால் கட்டடம் தெரிந்தது. நாலாவது மாடியில் மஞ்சளாக ஒரு பல்பு. நடந்தால் ஒரு சிகரெட் பிடிக்கிற தூரம். ஆனால் வழியெல்லாம் சேறு. காலில் புது ஷூ.

போன் அடித்தது. மேஸ்திரி.

“சார், நாலாவது மாடி டக்ட் ரெடி. கல் வெச்சு மூடிரலாமா?”

டக்ட் என்பது கட்டடத்துக்குள் மேலிருந்து கீழ் வரைக்கும் போகிற ஒரு பொந்து. எல்லா வீட்டுக் குழாயும் அதற்குள்தான் இறங்கும். ஓர் ஆள் தாராளமாக நிற்கலாம். தாராளமாக விழவும் செய்யலாம். கீழ் மாடிகளில் அதை ஏற்கெனவே மூடியாகிவிட்டது. மேலே மொட்டை மாடித் தளம். மிச்சம் இருந்தது அந்த நாலாவது மாடி வாய் ஒன்றுதான்.

“மழையா இருக்கேன்னு பாத்தேன் சார். நீங்க வந்து பாத்துட்டீங்கன்னா...”

“நான் மத்தியானமே வந்து பார்த்தாச்சுய்யா. மூடு.”

மேஸ்திரி மூடினார். உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஆர்க்கிடெக்டே பார்த்தாச்சு என்ற பிறகு நாம் எட்டிப் பார்த்தால் அது மரியாதையா? மேஸ்திரி மரியாதை தெரிந்தவர்.

உள்ளே இருந்தவன் பிளம்பர்.

அவனைச் சொட்டு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவன் குழாய் மாட்டினால் ஒரு சொட்டுக்கூட ஒழுகாது என்று சவால் விடுவான், அதனால் வந்த பெயர். கடைசி இணைப்பை இறுக்குவதற்காகப் பலகை போட்டு உள்ளே இறங்கியிருக்கிறான். பலகை ஈரம். வழுக்கி, அடி வரைக்கும் போய்விட்டான். இடுப்போ காலோ, ஏதோ ஒன்று போயிருக்க வேண்டும். கையில் ஸ்பேனர் இருந்தது. அதால் குழாயைத் தட்டியிருக்கிறான். மொட்டை மாடியில் போட்டிருந்த தகர ஷெட்டை மழை தட்டிக்கொண்டிருந்தது. எந்தத் தட்டு யாருக்குக் கேட்கும்?

மறுநாள் அவனைக் காணோம். சொட்டு அப்படித்தான், வேலை முடிந்தால் சொல்லாமல் கிளம்பிவிடுவான் என்றார்கள். சில நாளில் நாலாவது மாடியில் ஒரு வாடை. செத்த எலி என்றார்கள். பெயிண்ட் அடித்தார்கள். எலி அடங்கவில்லை. இன்னொரு கை அடித்தார்கள். அடங்கியது.

சொட்டின் அக்கா கட்டடத்துக்கே வந்துவிட்டாள். வாசலில் ஆர்க்கிடெக்டின் காரை மறித்தாள்.

“சார், மூடறதுக்கு முன்னாடி கடைசியா எல்லாத்தையும் பாத்தது நீங்கதானாமே. என் தம்பியப் பாத்தீங்களா?”

இல்லம்மா, நான் அன்றைக்கு வரவே இல்லை என்று சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். நீங்களும் தூங்கப் போயிருப்பீர்கள். ஆனால் மேஸ்திரி பக்கத்தில் நிற்கிறார்.

“பார்த்தேம்மா” என்றார். “பையைத் தூக்கிக்கிட்டு வெளியே போனான். என்னைப் பார்த்து ஒரு கும்பிடுகூடப் போட்டான்.”

இல்லாத கும்பிடு! அக்கா அதை நம்பிக்கொண்டு போனாள். போகும்போது அவருக்கு நன்றி வேறு சொன்னாள்.

கட்டடம் முடிந்தது. வீடுகளை ஒப்படைக்கும் முன்னால் கடைசிச் சுற்று ஒன்று உண்டு. ஆர்க்கிடெக்ட் கையில் சாக்பீஸோடு அறை அறையாகப் போவார். எங்கே விரிசல், எங்கே பூச்சு சரியில்லை என்று பார்த்து ஒரு வட்டம் போடுவார். வட்டம் போட்ட இடத்தை மேஸ்திரி சரி செய்ய வேண்டும். இவர் வெள்ளை சாக்பீஸ் வைத்திருந்தார். பேருக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக வட்டம் போட்டுக்கொண்டு நாலாவது மாடி நடைக்கு வந்தார். டக்டை மூடிய சுவரில் ஒரு வட்டம் ஏற்கெனவே இருந்தது. நீலக் கலர்.

“யாருய்யா போட்டது?”

“நீங்கதான் சார் போட்டிருப்பீங்க. வட்டம் போட வேற யாருக்கு இங்க உரிமை இருக்கு?”

அழித்துப் பெயிண்ட் அடித்தார்கள். காலையில் மறுபடி வட்டம். மறுபடி அடித்தார்கள். மறுபடி வட்டம். கடைசியில் மேஸ்திரி ஓர் உபாயம் செய்தார். அந்த இடத்தில் தீயணைக்கும் சிவப்பு சிலிண்டரை மாட்டி வட்டத்தை மறைத்துவிட்டார். ஆர்க்கிடெக்ட் அதையும் பார்த்தாச்சு என்றார். கட்டடம் முறைப்படி முடிந்தது என்று கையெழுத்தும் போட்டார்.

யார் சிரித்தது? சிரிக்கலாம். இப்போதைக்குச் சிரிக்கலாம்.

கையெழுத்துப் போட்டதோடு ஆர்க்கிடெக்டை விட மாட்டார்கள். குடி வந்த பிறகு ஒரு வருஷம் வரைக்கும், குறை என்று யார் கூப்பிட்டாலும் அவர் வந்து பார்க்க வேண்டும். அதுதான் ஒப்பந்தம். கூப்பிட்டால் வந்தே தீர வேண்டும்.

கூப்பிட்டது ஒரு குரல். ஆபீஸ் போனில். ரொம்ப மரியாதையான குரல். கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி கொஞ்சம் எதிரொலி.

“சார், சுவத்துக்குள்ள சொட்டு இருக்கு. வந்து பாருங்க.”

“எந்த வீடு?”

“நாலாவது மாடிங்க. நாலு-ஏவுக்கும் நாலு-பிக்கும் நடுவுல.”

“நடுவுல வீடே கிடையாதேய்யா!”

“நான் இருக்கேனே சார்.”

ராங் நம்பர் என்று வைத்துவிட்டார். அடுத்த வாரம் அதே குரல். அதற்கடுத்த வாரமும். “சுவத்துக்குள்ள சொட்டு இருக்கு சார்... வந்து பாருங்க.” கோபமே இல்லை. அவசரமும் இல்லை.

ஒரு நாள் போன் விஷயத்தைச் சொல்லி மேஸ்திரியையும் இழுத்துக்கொண்டு போனார். நாலு-ஏ வீட்டு அம்மா கதவைத் திறந்ததுமே பிடித்துக்கொண்டாள்.

“நீங்கதான் இதைக் கட்டின மகராசனா? வாங்க, வந்து காதக் குடுங்க. குடி வந்த நாள்லேர்ந்து சுவத்துக்குள்ள சொட்டுது. மொத்தத் தண்ணியையும் நிறுத்திப் பாத்தாச்சு. அப்பவும் சொட்டுது.”

இவர் சுவரில் காதை வைத்தார். பெயிண்ட் வாசனை... அதற்குப் பின்னால், மெதுவாக, அந்தப் பழைய எலி வாசனை. டொக்... டொக்... தண்ணீர் சொட்டுகிற சத்தம் இல்லை அது. இரும்பு, இரும்பைத் தட்டுகிற சத்தம்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “நம்ம சொட்டு மாட்டின குழாயாச்சே சார். அவன் வேலையில சொட்டாதே...”

சொல்லிவிட்டு மேஸ்திரி நிறுத்திக்கொண்டார். இவரும் அசையவில்லை. சுவத்துக்குள்ள சொட்டு இருக்கு. போனில் வந்த குரல் ஒழுகுவதைப் பற்றிப் புகார் சொல்லவே இல்லை என்பது இரண்டு பேருக்கும் அந்த நிமிஷம்தான் புரிந்தது.

சுவருக்குள் தட்டுவதும் நின்றுபோனது. இவர்கள் என்ன சொல்லப் போகிறார்கள் என்று கேட்பதற்காக நிறுத்திய மாதிரி.

“சார்” என்றார் மேஸ்திரி. “ஒரே ஒரு கல்ல எடுத்துப் பாத்துரலாமா?”

ஒரு கல். எடுத்தால் சொட்டுக்கு வெளிச்சம் கிடைக்கும், அக்காவுக்குத் தம்பி கிடைப்பான். இவருக்கு? பார்க்காமல் பார்த்தாச்சு என்று சொன்னது ஊர் முழுக்கத் தெரியும். அப்புறம் இவர் ஒரு நாய்க் கூண்டுக்குக்கூடப் படம் வரைய முடியாது.

“வேண்டாம்” என்றார். “அதான் பார்த்தாச்சே. ஏதோ காத்து. நீரும் வாயை மூடிக்கிட்டு இரும். கல் வெச்சது உம்ம கை.”

மேஸ்திரி வாயை மூடிக்கொண்டார். மூடுவதில்தான் அவர் கெட்டிக்காரராயிற்றே. நாலு-ஏ அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சுவருக்குள் ஒரே ஒரு தட்டு கேட்டது. சரி, புரிகிறது என்பது போல.

அதன் பிறகும் போன் வந்தது. எடுப்பார், கேட்பார், வைப்பார். உடம்பு துரும்பாக இளைத்தது. சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வருஷம் முடிகிற நாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அந்த நாளும் வந்தது. போனும் வந்தது. இந்தத் தடவை முந்திக்கொண்டு இவரே பேசினார்.

“இதோ பாரு, நீ யாரா வேணா இரு. இன்னையோட ஒரு வருஷம் முடிஞ்சுது. இனிமே எந்தக் குறைக்கும் நான் வந்து பாக்கணும்னு சட்டம் இல்ல. புரியுதா?”

அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

“புரியுது சார். இனிமே நான் கூப்பிடல. நீங்க அலைய வேண்டாம்... நானே வந்து பாத்துக்கறேன்.”

அன்று வெகு காலத்துக்குப் பிறகு அவர் வயிறு நிறையச் சாப்பிட்டார். படுத்ததும் தூங்கினார்.

காலையில் அவர் மனைவி எழுந்து பார்த்தால் வீடெல்லாம் நீல வட்டம். வாசல் கதவில் ஒன்று. கூடத்துச் சுவரில் ஒன்று. குளியலறைக் குழாயைச் சுற்றி ஒன்று. யாரோ நிதானமாக அறை அறையாகப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஒன்றையும் விடவில்லை. படுக்கையறைக்கு ஓடினாள். புருஷன் மல்லாந்து தூங்குகிறார். இரண்டு கண்ணையும் சுற்றி, மூக்குக் கண்ணாடி மாட்டிய மாதிரி, இரண்டு வட்டம். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. ஈரத் துண்டால் துடைத்துவிட்டு, “என்னங்க, எழுந்திருங்க” என்று உலுக்கினாள்.

அவர் கண்ணைத் திறந்தார்.

“லைட்டைப் போடு” என்றார்.

ஜன்னல் வெயில் அவர் முகத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது.

கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். கண் பாப்பா சுருங்குகிறது, விரிகிறது. கண் இரண்டும் முதல் தரம், ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். இவருக்குப் பார்வை போகவில்லை ஐயா. நன்றாகவே தெரிகிறது. ஆனால் தெரிவது ஒரே இடம். நாலு பக்கமும் ஈரச் சுவர். தலைக்கு மேலே குழாய்கள். ரொம்ப உயரத்தில் ஒரு வாய், அதில் மஞ்சள் பல்பு வெளிச்சம். அந்த வாயில் யாரோ ஒரு கல் வைக்கிறார். சாந்து பூசுகிறார். நிதானமாக அடுத்த கல்லைத் தேடிக் கையை நீட்டுகிறார்.

அலறிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மேஸ்திரியைக் கூப்பிட்டு, போலீஸ் முன்னால் சுவரை உடைத்தார்கள். அடியில் சொட்டு இருந்தான். முதுகைச் சுவரில் சாய்த்து, காலை மடக்கி, உட்கார்ந்த வாக்கில். பக்கத்துக் குழாய் ஓர் இடத்தில் தட்டித் தட்டி நெளிந்து போயிருந்தது. அந்தக் குழாயிலும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அக்கா தம்பியை எடுத்துப் போனாள். போவதற்கு முன்னால் இவர் படுத்திருந்த அறைக்கு வந்தாள். வாசலில் பேசிய குரலை வைத்து அவள்தான் என்று இவருக்குத் தெரிந்துவிட்டது.

“மன்னிச்சுரும்மா” என்றார், சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு.

“இப்ப தெரியுதா சார்?”

“தெரியுதும்மா.”

“நல்லாப் பாருங்க” என்றாள். போய்விட்டாள்.

எடுத்துப் புதைத்தாகிவிட்டதே, இத்தோடு விடும் என்று என் சிநேகிதன் எல்லோருக்கும் ஆறுதல் சொன்னான். விடவில்லை. கல் ஏறிக்கொண்டே இருந்தது. வெளிச்சம் முதலில் ஜன்னல் அளவு, பிறகு தட்டு அளவு, பிறகு உள்ளங்கை அளவு. தினமும் கத்துவார், யோவ், நான் உள்ளே இருக்கேன்யா என்று. தொண்டை கட்டிப்போய்விட்டது. மேலே இருக்கிறவருக்குக் காதில் விழவே இல்லை. அங்கே நல்ல மழையாம்.

நேற்றுச் சிநேகிதன் போன் செய்தான். கடைசிக் கல்லும் வைத்தாகிவிட்டதாம். மச்சான் இப்போது கத்துவதில்லையாம். ஒரே இருட்டு என்கிறாராம். மூச்சைப் பிடித்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு, கட்டிலின் ஓரத்தில் ஒண்டிப் படுத்திருக்கிறாராம். ஏன்டா இப்படி ஒடுங்கிக் கிடக்கிறாய் என்று அவர் அக்கா, அதாவது என் சிநேகிதனின் மனைவி, கேட்டிருக்கிறாள்.

அவர் ரகசியமாகச் சொன்னாராம்... இருட்டில், பக்கத்தில், இவருக்கு இடம் விடுவதற்காக யாரோ கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறார் என்று.