முள்மரத்தில் கட்டிய சரோங்

அட, பிள்ளையைக் கீழ இறக்காத ஜூலியானா. மடியிலயே வெச்சுக்கோ. தரை ஈரம், இப்பத்தான் துடைச்சேன். உட்காரு லா, காப்பி கொண்டாறேன். பிஸ்கட்டும் இருக்கு, மேம் கொடுத்த டின்னு. நல்ல படம் போட்ட டின், தூக்கிப் போட மனசு வரல.

ஆமா, கேள்விப்பட்டேன். சவேரியார் கோயில்ல பூசை முடிஞ்சதுல இருந்து இதே பேச்சுதானே. நிபோங் திபால் தோட்டத்து மேம் உன்னை ஆயாவாச் சீமைக்குக் கூப்பிடுறாங்களாம். உன் பிள்ளையை மாமியார்கிட்ட விட்டுட்டு வரச் சொல்றாங்களாம். உன் வீட்டுக்காரரு பீட்டர் தம்பிக்கு ஒரே சந்தோசமாமே? இருக்காதா பின்ன. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். பினாங்கு ஹார்பர்ல தன்கூட வேலை செய்யிறவங்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தாரு. நான் கப்பல் ஏறுறதுக்கு முன்னாலயே இந்தக் கம்பத்து ஊர்ச்சனம் எல்லாரும் என்னை ராஜா வீட்டு விருந்துல உட்கார வெச்சுட்டாங்க.

போலாமா வேணாமான்னு என்னைக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல? நாலு பேரு முன்னால எனக்கு வாயே வராது. நீ ஒருத்திங்கிறதால பேசுறேன். நானும் உன்ன மாதிரித்தான். என் மக திரேசா அப்ப பால் மறக்கல. நாத்தனார் ரோசலின்கிட்ட விட்டுட்டுப் போனேன். கப்பல்ல எனக்குப் பால் கட்டிக்கிட்டு... அதை விடு. திரும்பி வர ஒரு வருசம் ஆச்சு. அங்க என்ன பார்த்தேன்னு சொல்றேன், நீயே முடிவு பண்ணிக்கோ.

லண்டனா? லண்டனை ரயில் சன்னல்ல பார்த்தேன். புகை. துரைக்குச் சொந்த ஊரு வில்ட்ஷயர்னு ஒரு ஜில்லா. நம்ம பாலிக் புலாவ் மாதிரிப் பட்டிக்காடுன்னு வெச்சுக்கோயேன், டுரியான் பழம் மட்டும் கிடையாது. புல்லு, ஆடு, மழை. மழை விட்டா மறுபடி ஆடு. துரையோட அம்மா வீட்டுல இருந்தோம். மேமுக்கும் மாமியாருக்கும் ஆகாது. நம்ம மாதிரிக் கத்தமாட்டாங்க, சிரிச்சுக்கிட்டே சண்டை போடுவாங்க. இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமான்னு மாமியார் கேட்டா மேம் முகம் செவந்திடும். அதுல தப்பிக்கிறதுக்குத்தான் தினமும் மோட்டார் காரை எடுத்துக்கிட்டுப் பழைய இடம் பார்க்கக் கிளம்புறது. பின்னால நானு, பேபி, பால் போத்தல், குடை.

முதல்ல கல்லு பார்த்தோம். வெட்டவெளியில யானையை விட உசரமா நிக்குது, பாதி விழுந்து கிடக்கு. காசு கட்டித்தான் உள்ள போகணும். சாமி எங்கன்னு தேடினேன், இல்ல. யாரு நட்டாங்க? தெரியாதாம். எதுக்கு? அதுவும் தெரியாதாம். தெரியாதுங்கிறதைத் தொப்பி போட்ட ஒருத்தரு ஒரு மணி நேரம் விளக்கினாரு லா. மேம் கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டுக் கேட்டாங்க. இன்னொரு நாள் ஒரு மண்மேடு. மலை மாதிரி மனுசங்களே குவிச்சதாம். உள்ள என்ன இருக்குன்னு தோண்டிப் பார்த்தாங்களாம், ஒண்ணும் இல்லையாம். அதனால ரொம்ப விசேசமாம். அப்புறம் ஒரு மலையில புல்லைச் செதுக்கி வெள்ளைக் குதிரை. கிட்ட நின்னா குதிரை தெரியாது, தூரப் போகணும். தூரப் போனோம், மழை வந்துடுச்சு, மலையே தெரியல. துரை மட்டும் அதோ காது, அதோ வாலுன்னு காட்டிக்கிட்டே இருந்தாரு. நானும் யெஸ் சார்னேன்.

சாலிஸ்பரின்னு ஒரு டவுன். அங்க ஊசி மாதிரி கோபுரம் வெச்ச கோயில். அழகுதான், பொய் சொல்லக் கூடாது. ஆனா உள்ள மூக்கு உடைஞ்ச பிரபுக்கள் கல்லுல படுத்துக் கிடக்காங்க, மாதாவைக் காணோம். மெழுகுவத்தி ஏத்த ஒரு இடம் இல்ல.

மாதா கோயில் ஒண்ணு அப்புறமாத்தான் கிடைச்சுது. துரை ஊருக்குப் பக்கத்துலயே. கூரை இல்ல, பீடம் இல்ல, சுவரு மட்டும் நிக்குது, நடுவுல மாடு மேயுது. முந்தி கன்னியாஸ்திரி மடமாம். அவங்க ராஜாவே ஆளனுப்பி இடிச்சானாம். இடிச்சதும் அவங்கதான், இப்ப எவ்வளவு அழகா இடிஞ்சிருக்குன்னு படம் வரையிறதும் அவங்கதான். மேம் படம் வரைய உட்கார்ந்தாங்க. பேபி தூங்கிடுச்சு. சுவரு ஓரத்துல ஒரு முள்மரம் இருந்துச்சு.

எனக்கு என்னவோ ஆயிடுச்சு ஜூலியானா. திரேசாவுக்குத் தொட்டில் கட்டுற சரோங் துணி இருக்கில்ல, அதுல ஒரு துண்டு கிழிச்சு எடுத்துட்டுப் போயிருந்தேன். படுக்கும்போது மூக்குகிட்ட வெச்சுக்குவேன். பிள்ளை வாசம் அடிக்கும். பத்து மாசத்துல அதுவும் போயிடுச்சு, கப்பல் வாசம்தான் வந்துச்சு. எங்க அம்மா வேளாங்கண்ணியில எனக்காகத் தொட்டில் கட்டினாங்களாம். கூரை இல்லாட்டி என்ன, மாதா இருந்த இடம்தானேன்னு, அந்தத் துண்டை அந்த மரத்துல தொட்டிலாக் கட்டிட்டேன். உள்ள பிள்ளைக்குப் பதிலா ஒரு சின்னக் கல்லு. மூணு அருள்நிறை மரியே சொல்லிட்டு வந்துட்டேன். யாரும் பார்க்கல.

இதுக்கப்புறம்தான் கூத்தே. அந்த ஊரு பாதிரியார் அதைக் கண்டுபிடிச்சுட்டாரு. அவருக்குப் பொண்டாட்டி இருக்கு, அஞ்சு பிள்ளை. சிரிக்காத, அங்க அப்படித்தான். மனுசனுக்குச் சாப்பாடு இறங்கல. ஆயிரம் வருசத்துக்கு முந்தின வழக்கம், நம்ம ஜில்லாவுல இன்னும் ரகசியமா உசுரோட இருக்குன்னு வீடு வீடாப் போயி சொல்றாரு. குடியானவப் பொம்பளைங்களை எல்லாம் கூப்பிட்டு யாரு கட்டினது, பயப்படாமச் சொல்லுங்கன்னு கேட்குறாரு. அவங்க முழிக்கிறாங்க. ஒரு கிழவிக்கு டீயும் கேக்கும் கொடுத்தாரு. ரெண்டாவது கேக்குல அந்தக் கிழவி ஆமாங்க, எங்க பாட்டி கூடக் கட்டுவாங்கன்னுடுச்சு. அவ்வளவுதான். ஜில்லாவுல இருந்து கார் காரா வராங்க.

எங்க மேமும் வந்தாங்க லா, என்னையும் கூட்டிக்கிட்டு. பேபியைத் தூக்கிக்கிட்டு மரத்தடியிலயே நிக்கிறேன். பாதிரியார் துணியில இருக்கிற பூவைத் தொட்டுத் தொட்டுக் காட்டுறாரு. இது சூரியனாம், இது அந்தக் காலத்துப் பூசாரிங்க போட்ட கோலமாம். எது? சூலியா தெருவுல முகம்மது கடையில நான் பேரம் பேசி வாங்கின பாத்தேக் துணி! சாயம் போகாதுன்னு அவரு சத்தியம் பண்ணிக் கொடுத்தாரு, அது மட்டும் நெசம். அந்த மழையிலயும் போகல. எல்லாரும் தொட்டிலைப் பார்க்குறாங்க, என்னையும் பார்க்குறாங்க. ரெண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோணல.

சொல்லியிருக்கலாம்தான். கான்வென்ட்ல படிச்ச மூணாங்கிளாஸ் இங்கிலீஸ் தொண்டை வரைக்கும் வந்துச்சு. வாய் வரலயே. அதுவும் இல்லாம, இங்க பினாங்குல பேபி காலுல நான் கறுப்புக் கயிறு கட்டினப்ப அழுக்கு, மூடத்தனம்னு கத்தரிக்கோலால வெட்டிப் போட்டது இதே மேம்தான். அங்க அந்த மரத்தடியில மேரி, இந்த நம்பிக்கை எவ்வளவு அழகு பாருன்னு என்கிட்டயே சொல்றாங்க. என் பேரு ஞானமணி, அது அவங்களுக்கு வாயில நுழையாது. யெஸ் மேம்னேன்.

நாங்க கிளம்பும்போது மரத்தைச் சுத்திக் கம்பி வேலி போட்டு, தொடாதேன்னு பலகை வெச்சுட்டாங்க. கடைசியா ஒரு தடவை தொட்டுக் கும்பிடலாம்னு போனேன். காவலுக்கு நின்னவன் தள்ளிப் போம்மான்னுட்டான்.

என்ன வேண்டிக்கிட்டேனா? பெரிசா ஒண்ணும் இல்ல லா. பிள்ளை என்னை மறந்துடக் கூடாதுன்னுதான்.

இரு, கதவு சத்தம் கேட்குது. ரோசலின்தான், பசாருக்குப் போயிட்டு வரா. இடுப்புல இருக்கிறதுதான் திரேசா. வளர்ந்துட்டா இல்ல? வா திரேசா, இங்க வா. வரமாட்டா, அத்தை கழுத்தை விடமாட்டா. கப்பல் விட்டு இறங்கி மூணு மாசம் ஆச்சு, இன்னும் கூச்சம். ரோசலினை அம்மாங்கிறா, அது சரி, அவதானே சோறு ஊட்டினா. இந்தா கண்ணு, பிஸ்கட். ஆ, பார்த்தியா, பிஸ்கட்டுன்னா வருவா.

கேட்டியா? தேங்க்யூ மேம்னு சொல்றா. நான் அன்னைக்குக் கப்பல் துறையில கோட்டும் காலுல சப்பாத்துமா இறங்கினேனா, அப்பவே பிடிச்ச பழக்கம். என்னை மேம்னுதான் கூப்பிடுவா. மரியாதையான பிள்ளை.

எங்க எந்திரிச்சுட்ட? காப்பி அப்படியே இருக்கு. ஏய் ஜூலியானா, பிள்ளையை அவ்வளவு இறுக்காத, மூச்சு முட்டப் போவுது.