ஒத்தடத் துணி

விஜயநகரில் அந்தத் தோல் மருத்துவமனை வாசலில் ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு. அதனால் நானும் என் மகள் ஹம்ஸாவும் பத்து நிமிஷம் முன்னதாகவே போய்விடுவோம். ஒரு தடவைகூடத் தாமதமாகப் போனதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம்.

என் பெயர் சாம்பசிவன். ரயில்வே ரசாயனக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி தவறி ஒன்பது வருஷம் ஆகிறது. ஹம்ஸாவுக்குப் பதினாறு வயதில் வந்த பருக்கள் இரண்டு கன்னத்திலும் குழிகளை விட்டுப் போயின. அதற்குப் பிறகு அவள் ஒரு கல்யாணம் காட்சிக்கு வந்ததில்லை. வேலைகூட வீட்டிலிருந்தேதான். என் சர்க்கரை மாத்திரை, மூன்று வேளைச் சாப்பாடு, எல்லாம் அவள் கையால். நான் அவளைக் குறை சொன்னதே கிடையாது.

சிகிச்சை வேண்டும் என்றது அவள்தான். டாக்டர் ஸ்மிதா பொறுமையாக விளக்கினார். குறுகலான ஆழமான குழி என்றால், குச்சி முனையால் அடியில் மட்டும் ஒரு பொட்டு அமிலம். அகலமான பள்ளம் என்றால், தோலுக்கு அடியில் ஊசியை விட்டு, கீழே இழுத்துப் பிடித்திருக்கும் நாரை அறுக்க வேண்டும். மிச்சத்துக்கு லேசர். முழுக்கப் போகாது, பாதிக்குமேல் சமமாகும் என்றார். பாதிதானே என்று நானும் சம்மதித்தேன்.

ஒவ்வொரு தடவையும் வீடு திரும்பியதும் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வாள். நான் ஈரத்துணியால் ஒத்தடம் கொடுப்பேன். "நீங்க டென்ஷன் ஆகாதீங்கப்பா. ஸ்வல்ப எரியும், அஷ்டே" என்பாள், கொஞ்சம்தான் எரியும், அவ்வளவுதான் என்று பாதிக் கன்னடத்தில். அந்த அரைமணி நேரம் எனக்குப் பிடித்திருந்தது.

ஜூனில் உதயகுமார் வீட்டுக்கு வந்தான். புனேயில் இருக்கிறான், அவள் கம்பெனிதான். நல்ல பையன். ஆவணியில் கல்யாணம், பிறகு புனே என்றார்கள். "நீங்களும் எங்ககூட வந்துடுங்கப்பா" என்றாள். இந்த வயதில் நான் எங்கே போவது. எனக்குக் கோபமெல்லாம் இல்லை மேடம். அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை கடைசி சிகிச்சை. மத்தியானம் வந்து படுத்தாள். டாக்டர் குச்சி முனையில் தொட்டு வைக்கிற அதே அமிலம்தான். நான் அதைத் துணியில் நனைத்து இரண்டு கன்னத்திலும் வைத்து அழுத்தினேன். கண்ணுக்குள் போகாமல் பார்த்துக்கொண்டேன். "அப்பா, இது தண்ணி இல்லப்பா" என்றாள். எழுந்துவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஸ்வல்ப எரியும், அஷ்டே" என்று சொன்னேன்.

புனே பேச்சு மட்டும் வராமல் இருந்திருந்தால் நான் அமிலத்தைத் தொட்டிருக்கவே மாட்டேன். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன்.

மேஜைமேல் நீங்கள் வைத்திருக்கிற பாட்டில் என்னுடையதுதான். லேபிளில் இருப்பதும் என் கையெழுத்துதான். பெயர் ஒட்டாத பாட்டிலை அலமாரியில் வைக்கக் கூடாது, கலந்த தேதியையும் எழுத வேண்டும். முப்பத்தொரு வருஷப் பழக்கம், விட முடியவில்லை. ஆமாம், மார்ச் பதினாலு என்றுதான் போட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அவள் கண்ணாடி முன்னால் நின்று முதல் தடவையாகச் சிரித்தாள்.